கறுப்பு நாற்பத்துநான்கு

கிரெய்க்மோர், அலபாமா
செப்டம்பர் 10, 2018

வெர்னி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போட்டிருப்பாயோ என்னவோ. போடாமல் பிரித்திருந்தால் நன்றி. நாம் பேசிப் பதினொரு வருடம் ஆகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நானாக எழுதும் கடிதம் இல்லை. எழுதச் சொன்னவர் எங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் தலைமைக் கோச் பிரெஸ்காட். போன வாரம் சீருடை அறைக்கே இறங்கி வந்தார். முப்பத்திரண்டு வருடமாக இந்த அறையில் துவைக்கிறேன், மடிக்கிறேன், தைக்கிறேன். தலைமைக் கோச் எவரும் இங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"என்னப்பா ஆல்வின், மிசிசிப்பியில உன் தங்கச்சி பையன் ஒருத்தன் இருக்கானாமே? பந்தைத் தூக்கிட்டு ஓட ஆரம்பிச்சா மேல நாலு பேர் தொங்கினாலும் நிக்க மாட்டானாமே? இத்தனை நாளா வாயே திறக்கலையே நீ!" என்று முதுகில் தட்டினார்.

ஜவாரிஸ் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு ஆறு வயது. தேவாலயத்துப் படியில் உட்கார்ந்து டையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

சொந்தத் தங்கைக்குக் கடிதம் எழுதினால் விதிமீறல் ஆகாது என்று மேல்மாடியில், அணிக்குப் பையன்களை இழுக்கும் விதிகளைப் பார்க்கும் ஆள் சொல்லிவிட்டாராம். என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளும் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள். அதில் "குடும்பம்" என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. அதை நான் அப்படியே எழுதினால் நீ சிரித்துவிடுவாய், அதனால் சுருக்கமாக: அக்டோபர் இருபதாம் தேதி சனிக்கிழமை ஆட்டத்துக்கு உன்னையும் உன் மகனையும் அழைக்கிறார்கள். அன்றைக்குத்தான் புதுச் சீருடை வெளியே வருகிறது. முழுக் கறுப்பு. ஹெல்மெட் முதல் காலுறை வரை கறுப்பு.

சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

ஆல்வின்

மார்ட்டன், மிசிசிப்பி
செப்டம்பர் 17, 2018

திரு. ஆல்வின் ஹார்க்ரோவ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று கடைசி வரியில் விசாரித்திருந்தீர்கள். அதுவும் அந்தத் தாளில் இருந்ததா, இல்லை உங்கள் சொந்தச் சரக்கா?

எனக்கு ஞாபகமறதி இல்லை. உங்களுக்கு இருக்கலாம், அதனால் எழுதுகிறேன். என் கணவர் செட்ரிக்கை இந்த வீட்டுக்கு அழைத்து வந்ததே நீங்கள்தான். "எங்க அணியில பந்து தூக்கறவன், நல்ல பையன்" என்றீர்கள். மூன்று வருடம் உங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஓடினார். நாற்பத்துநான்காம் எண். மூன்றாம் வருடம் முழங்கால் போனது. அடுத்த கோடையில் ஸ்காலர்ஷிப் இனி இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அவர் படிப்பை முடிக்கவில்லை. அந்த முழங்காலோடு பதினாறு வருடம் கோழி ஆலையில் நின்றுகொண்டே எலும்பு பிரித்தார். முப்பத்தேழு வயதில் அவர் இதயம் நின்றது.

அப்போது உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவருடைய பழைய சட்டை. அதைப் போட்டுப் புதைக்க வேண்டும் என்றேன். போனில் என்ன சொன்னீர்கள்? "கொண்டு வர்றேன் வெர்னி, நீ அழாதே." தேவாலயத்து வாசலில் வந்து நின்று என்ன சொன்னீர்கள்? "அது பல்கலைக்கழகச் சொத்தும்மா, வெளியே தரக்கூடாதுன்னு விதி." அதைச் சொல்லும்போது அணியின் முத்திரை போட்ட ஜாக்கெட்டைத்தான் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். செட்ரிக் இரவல் வாங்கிய பழுப்பு கோட்டில் போனார். கை நீளம் போதவில்லை.

என் மகனைக் கிரெய்க்மோருக்கு அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. இனி ஏதாவது சொல்ல இருந்தால் போன் செய்ய வேண்டாம். போன் பேச்சு காற்றோடு போய்விடும் என்பதை நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். காகிதத்தில் எழுதுங்கள். என் கையில் இருக்க வேண்டும்.

வெர்னிட்டா ஸ்டோக்ஸ்

கிரெய்க்மோர்
செப்டம்பர் 24, 2018

வெர்னி,

"திரு" போட்டுத் திட்டினால் கூடுதலாகத்தான் உறைக்கிறது. சரி, அதற்கு நான் லாயக்கு.

அந்த ஜாக்கெட்டைப் பற்றி: என்னிடம் இருந்த நல்ல உடுப்பு அது ஒன்றுதான். மற்றதற்கு என்ன சொல்வது? விதி என்றால் விதிதான் என்று மறுபடி எழுத வந்தேன், அடித்துவிட்டேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் மகனுக்காக ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், இது எந்தத் தாளிலும் இல்லாதது. இந்தக் காலத்துப் பையன்கள் சட்டையைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். எங்களிடம் இப்போது ஐந்து ஹெல்மெட், ஆறு சட்டை, நாலு கால்சட்டை. எதோடு எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய மேலே ஒரு குழுவே உட்கார்ந்திருக்கிறது. பார்க்க வரும் பையன் வகுப்பைப் பற்றிக் கேட்பதில்லை. அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில்லை. "ஹெல்மெட் மினுங்குமா, மங்கலா இருக்குமா?" என்று கேட்கிறான். சுற்றுலா மாதிரி எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் என் அறைக்குக் கூட்டி வருவார்கள். அங்கே அவன் பெயர் எழுதிய அலமாரி, அவன் அளவுக்குச் சீருடை, புகை கக்கும் இயந்திரம், விளக்கு, போட்டோ பிடிக்கிறவன், எல்லாம் தயாராக இருக்கும். பத்து நிமிடத்தில் பையன் வேறு ஆளாகிவிடுவான். வீட்டுக்குப் போவதற்குள் போட்டோ ஊர் முழுக்கப் போய்விடும். முப்பது பையன்களுக்கு நானே மாட்டிவிட்டிருக்கிறேன்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி கையெழுத்து நாள். அன்றைக்கு எந்தக் கல்லூரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறானோ அதுதான் முடிவு. பிறகு மனம் மாறினாலும் சுலபமாக வெளியே வர முடியாது. அதுவரை யார் என்ன சொன்னாலும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லு.

ஆல்வின்

மார்ட்டன்
அக்டோபர் 9, 2018

ஆல்வின்,

அவன் வருகிறான். நான் வேண்டாம் என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது. பள்ளிக்கூடக் கோச் டில்மன் கூட்டி வருகிறார். நான் வரமாட்டேன்.

"அம்மா, அப்பா ஓடின மைதானத்தை ஒரு தடவை பார்க்கக்கூடாதா நான்?" என்று கேட்கிறான். இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ?

நல்ல சாப்பாடு போடுங்கள், ஆட்டத்தைக் காட்டுங்கள், கறுப்போ பச்சையோ எதை வேண்டுமானாலும் மாட்டிவிடுங்கள். நாற்பத்துநான்கை மட்டும் அவன் மேல் போடாதே. வாழ்க்கையில் உன்னிடம் நான் கேட்கும் இரண்டாவது உதவி இது. முதலாவது என்ன ஆனது என்று நம் இருவருக்கும் தெரியும்.

வெ.

மார்ட்டன்
அக்டோபர் 23, 2018

ஆல்வின்,

போட்டோவைக் கோழி ஆலையில் என் பக்கத்து வரிசைக்காரி காட்டித்தான் நான் பார்த்தேன். "உன் மகன் சூப்பரா இருக்கான்டி வெர்னி!" என்று கத்தினாள். கையுறையைக் கழற்றாமலே போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

புகை நடுவில் நிற்கிறான். கறுப்புச் சட்டை. நெஞ்சில் 44. அப்படியே செட்ரிக். அந்த மோவாய், அந்தத் தோள். ஒரு நிமிடம் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. மேற்பார்வையாளர் வந்து திட்டினார்.

மாட்டிவிட்டது யார் என்று கேட்டேன். "மாமாதான்" என்கிறான். நீயேதான் கவசத்தைத் தூக்கித் தோளில் வைத்தாயாம். நீயேதான் சட்டையை இழுத்துவிட்டாயாம். தாய்மாமன் கையாலேயே நடந்திருக்கிறது! "மாமா ஒண்ணுமே பேசலைம்மா, என் முகத்தைக்கூட பார்க்கலை" என்கிறான். பார்க்க எப்படி முடியும் உனக்கு?

உங்கள் கோச் அவன் தோளில் கை போட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இருபத்தேழு வருஷமா இந்த நம்பரை யாருக்கும் குடுக்கலை தம்பி. உங்கப்பா நம்பர். உனக்காகத்தான் வெச்சிருந்தோம்." பையன் வண்டியில் வரும் வழியெல்லாம் அழுதானாம். டில்மன் சொன்னார். எனக்கு முன்னால் அழவில்லை. "அவங்க அப்பாவை மறக்கலைம்மா. நீதான் தப்பா நெனச்சுட்டிருந்தே" என்று என்னைத் தேற்றுகிறான், ஆல்வின். என் மகன் என்னைத் தேற்றுகிறான்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இருபத்தேழு வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது உண்மையா? ஆமாம், இல்லை, ஒரே வார்த்தை. உண்மையாக இருந்தால் உன் கோச்சின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

வெ.

கிரெய்க்மோர்
அக்டோபர் 30, 2018

வெர்னி,

இல்லை.

ஒரே வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி மீதியையும் சொல்கிறேன்.

செட்ரிக்குக்குப் பிறகு நாற்பத்துநான்கை ஆறு பேர் போட்டிருக்கிறார்கள். ஒருவன் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை, பந்தை உதைப்பவன். இப்போது போட்டிருப்பவன் இந்த வருடத்தோடு போகிறான், அதனால்தான் எண் காலி. அந்தக் கதை அந்த வாரம்தான் மேலே கட்டப்பட்டது. உன் மகன் யார் என்று கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள்.

இன்னும் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நாற்பத்துநான்கு கேட்ட பையன்கள் மூன்று பேர். போட்டோவுக்கென்று கறுப்பில் நாற்பத்துநான்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு சட்டை. காலை பத்து மணிக்கு நான்ஸ் என்று ஒரு பையன் போட்டான். கழற்றினதும் வாசனைத் தண்ணீர் தெளித்து, தலை உலர்த்தும் இயந்திரத்தில் காய வைத்தேன். பதினொன்றரைக்கு ஜவாரிஸ். மறுபடி தெளித்துக் காய வைத்தேன். ஒரு மணிக்கு ஜார்ஜியாவிலிருந்து விட்லோ. ஒவ்வொருவரிடமும் கோச் தோளில் கை போட்டுத்தான் பேசினார். நான்ஸிடம் சொன்னது வேறு கதை, விட்லோவிடம் வேறு. சட்டை பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்குவோம். போட்டோவில் முதுகு தெரியாது.

உள்ளதைச் சொன்னால் அவர்களுக்கு விட்லோதான் வேண்டும். ஜவாரிஸ் இரண்டாமவன். விட்லோ வேறு எங்காவது போனால் இவன் ஓடுவான். விட்லோ வந்தால் இவன் ஓரத்தில் உட்காருவான். ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைத்தாலும், பயிற்சியிலேயே முழங்கால் போக வழி உண்டு.

நீ கேட்டுக்கொண்டபடி செய்யவில்லை. "வேற நம்பர் குடுங்க கோச்" என்று வாய்வரை வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி சட்டையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான் நடந்தது. பையன் கையைத் தூக்கி நின்றான், நான் மாட்டிவிட்டேன்.

இதெல்லாம் நான் சொன்னதாக வெளியே போக வேண்டாம். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது.

ஆல்வின்

மார்ட்டன்
நவம்பர் 12, 2018

ஆல்வின்,

நீ சொன்னதாகச் சொல்லாமல் ஜவாரிஸிடம் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

"உனக்கு மாமா மேல கோபம். அப்பா விஷயத்துல அந்த ஸ்கூல் மேல கோபம். அதுக்காக எதையாவது இட்டுக்கட்டாதேம்மா" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. அவன் அப்பா மாதிரிதான், கோபம் வந்தால் சத்தம் குறையும்.

அந்தப் போட்டோவை அச்செடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறான். பக்கத்தில் செட்ரிக்கின் பழைய போட்டோ. இரண்டிலும் அதே எண்.

நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் எடுபடும். நீ அந்த அறையில் நின்றவன். எனக்கு எழுதியதை அவனுக்கு எழுது, உன் பெயரைப் போட்டு எழுது. ஒரே சட்டை, மூன்று பையன்கள், ஒரே நாள். அவ்வளவு போதும். அவன் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் எனக்குச் சம்மதம், ஒரு பொய்யை நம்பிப் போகக்கூடாது. அவன் அப்பா ஒரு கடிதத்தை நம்பிப் போனார், இன்னொரு கடிதத்தோடு திரும்பி வந்தார்.

வெ.

கிரெய்க்மோர்
நவம்பர் 17, 2018

வெர்னி,

முடியாது. மூன்று தடவை உட்கார்ந்தேன். "அன்புள்ள ஜவாரிஸ்" என்று எழுதிவிட்டு அதற்கு மேல் போகவில்லை.

அவன் அதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது காட்டுவான், அவர்கள் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அடுத்த நாள் நான் வெளியே. இந்த வயதில் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? சட்டை மடிக்கத் தெரியும்.

விட்லோ வேறு ஊருக்குப் போய்விடுவான் என்றும் இங்கே பேச்சு இருக்கிறது. அப்படியானால் ஜவாரிஸுக்கு நல்லதாகவே முடியலாம். பார்ப்போம்.

ஆல்வின்

மார்ட்டன்
நவம்பர் 24, 2018

ஆல்வின்,

நன்றித் திருநாளுக்கு வீட்டில் இருவர்தான். வான்கோழி வாங்கவில்லை, கோழியே போதும் என்றான். சாப்பிடும் முன் பிரார்த்தனையில் உன் பெயரையும் சேர்த்துக்கொண்டான். "அப்பாவோட நம்பரைக் காப்பாத்தி வெச்ச மாமாவுக்காக" என்றான்.

நான் ஆமென் சொல்லவில்லை.

கையெழுத்து நாளுக்கு இன்னும் இருபத்தைந்து நாள். இதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

வெ.

கிரெய்க்மோர்
டிசம்பர் 8, 2018

வெர்னி,

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. முதலில் கடிதத்தைப் படி.

நீ எழுதிய அந்தப் பிரார்த்தனையை இரண்டு வாரமாக என்னால் விழுங்க முடியவில்லை.

முதலில் செட்ரிக்கின் சட்டை. பதினொரு வருடமாக நீ என்னை விதி பேசிய கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருக்கிறாய். நான் அதைவிட மோசம். போனில் "கொண்டு வர்றேன்" என்று சொன்னபோது சட்டை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். போய்த் தேடினால் இல்லை. அதற்கு ஐந்து வருடம் முன்பு மைதானத்துக்கு வெளியே மேசை போட்டுப் பழைய சட்டைகளையெல்லாம் விற்றோம். மூட்டை மூட்டையாக விற்றோம். அதில் நாற்பத்துநான்கும் போயிருக்கிறது. மடித்து மேசை மேல் அடுக்கியவன் நான்தான், எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விதி என்று சொல்வது சுலபமாக இருந்தது. நீ பல்கலைக்கழகத்தைத் திட்டுவாய், என்னைக் கொஞ்சம் குறைவாகத் திட்டுவாய் என்று கணக்குப் போட்டேன்.

இனி பொட்டலம். அதில் இருப்பது அந்தக் கறுப்புச் சட்டை. ஜவாரிஸ் போட்ட அதே சட்டை. கழுத்தை உள்பக்கமாகப் புரட்டிப் பார்க்கச் சொல். எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. யார் சட்டை யாருக்கு என்று குழம்பக்கூடாது என்பதற்காகக் கழுத்துக்கு உள்ளே வெள்ளை டேப்பை ஒட்டி அதில் பெயர் எழுதுவேன். அடுத்த பையன் வந்தால் முந்தைய பெயரை அடித்துவிட்டுக் கீழே அடுத்ததை எழுதுவேன். நாள் முடிந்ததும் டேப்பை உரித்துப் போட வேண்டும். அன்றைக்கு நான் உரிக்கவில்லை. மறந்தேனா, மனசு வரவில்லையா என்று எனக்கே தெரியாது.

"நான்ஸ் 10:00. ஸ்டோக்ஸ் 11:30. விட்லோ 1:00." என் கையெழுத்து. முதல் இரண்டும் அடித்திருக்கும்.

கடிதம் என்றால் யாரோ எழுதியது என்று தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது. மாமா அனுப்பினான் என்றே சொல். பேரை மறைக்க வேண்டாம்.

அப்பா நம்பரை நான் காப்பாற்றி வைக்கவில்லை, விற்றேன் என்றும் சொல்.

ஆல்வின்

கிரெய்க்மோர்
டிசம்பர் 18, 2018, செவ்வாய்

வெர்னி,

வேலை போய்விட்டது. பதறாதே, நான் பதறவில்லை.

போன சனிக்கிழமை விட்லோ இரண்டாம் தடவையாக வந்தான், அவன் அம்மாவோடு. அம்மாவுக்கும் போட்டோ வேண்டுமாம். "கறுப்பு நாற்பத்துநாலு எடுப்பா" என்றார் கோச். துவைக்கப் போட்டிருக்கிறது என்றேன். "நனைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, எடு" என்றார். அப்புறம் இயந்திரங்களைத் திறந்து பார்த்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்று அவர்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்கே சங்கடமாகி, "தேடாதீங்க, என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

"பதினொரு வருஷம் முன்னாடி கேட்டா கோச். இப்பத்தான் அனுப்ப முடிஞ்சுது."

அவருக்குப் புரியவில்லை, ஆனால் அந்தப் பையனின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை மேலே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். பல்கலைக்கழகச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியே கொடுத்தது. ஒரு பக்கம்தான், செட்ரிக்குக்கு வந்தது போலவே. என் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஜாக்கெட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் கேட்கவில்லை.

போனில் சொல்லலாமா என்று எடுத்தேன். காகிதத்தில்தான் வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு தடவையாவது நீ சொன்னபடி செய்கிறேன். அவசரமும் ஒன்றும் இல்லையே. டேப்பைப் பார்த்த பிறகு ஜவாரிஸ் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்.

அந்த நிம்மதி ஒன்று போதும் எனக்கு. இங்கே இனி அவனுக்கு யாரும் இல்லை, நல்லவேளை அவனும் இங்கே வரப்போவதில்லை. நாளைக்கு அவன் எந்த ஊருக்குக் கையெழுத்துப் போடுகிறான் என்று எழுது. அந்த ஊர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். சட்டை என்ன நிறமாக இருந்தாலும் சரி.

ஆல்வின்

மார்ட்டன்
டிசம்பர் 19, 2018, புதன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இப்படி எழுதி எத்தனை வருடம் ஆகிறது! கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பொட்டலம் போன புதன்கிழமை வந்தது. மேசை மேல் வைத்து, "மாமா அனுப்பியிருக்காரு, கழுத்துக்கு உள்ளே பாரு" என்று மட்டும் சொன்னேன். புரட்டிப் பார்த்தான். கையால் தடவிப் பார்த்தான். பிறகு உன் கடிதத்தைக் கேட்டான், கொடுத்தேன். விற்றதையும் படித்தான். அடுத்த நாள் கட்டிலுக்கு மேலே இருந்த புதுப் போட்டோவைக் காணோம். செட்ரிக் மட்டும் இருந்தார்.

அவனை எடுக்க ஆசைப்பட்ட மற்ற நாலு கல்லூரிக் கோச்சுகளும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்கள். நாலு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டான். "அன்னிக்கு உங்க ஊர்ல எனக்கு மாட்டிவிட்டீங்களே, அந்தச் சட்டையை எத்தனை பேர் போட்டாங்க சார்?" நாலு பேரும், உனக்கு மட்டும்தான் தம்பி என்றார்களாம். ஒருவர் சிரித்தாராம்.

இன்று காலை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு, ஐந்து கல்லூரிகளின் தொப்பிகளையும் அவன் தேர்ந்தெடுக்க வரிசையாக வைத்து, ஊரே கூடியிருந்தது. அவன் கிரெய்க்மோர் தொப்பியை எடுத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டான், அண்ணே.

எனக்கு உயிரே போய்விட்டது. வண்டியில் வரும்போது கேட்டேன், "உனக்குப் பைத்தியமாடா?" என்று. அவன் என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுதுகிறேன். "எல்லா ஊர்லயும் அதே சட்டைதான்மா. எல்லா ஊர்லயும் அதே கதைதான். சட்டைக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கு அனுப்பி வைக்க ஒரு ஆள் இருக்கறது அந்த ஒரு ஊர்லதான். எனக்கு முழங்கால் போனா என்கிட்ட யாரு உண்மையைச் சொல்வாங்க? மாமா சொல்வாரு."

வழியெல்லாம் அழுதேன். துக்கமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாற்பத்துநான்கு வேண்டாம், எது மிச்சமோ அதைக் கொடுங்கள் என்று கோச்சிடம் சொல்லிவிட்டானாம்.

செட்ரிக்கின் சட்டையை எவனோ வாங்கிப் போட்டுக்கொண்டு புல் வெட்டியிருப்பான். போகட்டும் அண்ணே. நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மாதம் திட்டிவிட்டு விட்டிருப்பேன். பதினொரு வருடத்தை வீணாக்கினோம்.

கிறிஸ்துமஸுக்கு வா. சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு செய்கிறேன். ஜூன் மாதம் அவன் அங்கே வந்துவிடுவான், பார்த்துக்கொள். அவன் சாப்பாட்டில் மிளகாய் தாங்கமாட்டான். வலித்தாலும் சொல்லமாட்டான், முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இனிமேல் காகிதம் வேண்டாம், போனிலேயே கூப்பிடு. எண் பழையதுதான், மாற்றவில்லை.

சட்டையைக் கையாலேயே துவைத்து, காயவைத்து, இதோடு திருப்பி அனுப்புகிறேன். டேப்பை மட்டும் உரித்து அவன் வைத்துக்கொண்டான். யாரும் தேடுவதற்கு முன்னால் உன் அலமாரியில் வைத்துவிடு.

உன் தங்கை,
வெர்னி